எந்த ஊர் இங்கிலீஸைப் பிள்ளைக்குப் பழக்குவது?

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்
பெப்ரவரி 4

மகன் தரம் 10. யூடியூப் பார்த்துப் பார்த்து அமெரிக்காக்காரர் மாதிரிக் கதைக்கிறார். 'கலர்' என்ற சொல்லை நடுவில் 'யு' போடாமல் எழுதியதற்கு ரியூசன் சேர் சிவப்புப் பேனையால் கோடு போட்டுவிட்டார். இப்போது ஊருக்குள் 'பிரிட்டிஷ் உச்சரிப்பு' வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காசு கூட. சேர்க்கலாமா? எந்த இங்கிலீஸ்தான் சரியான இங்கிலீஸ்?

பெப்ரவரி 4, இரவு

சகோதரி, முதலில் எழுத்துக்கூட்டல். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் முறையில்தான் வருகின்றன. பரீட்சைத் தாளில் அதையே எழுதச் சொல்லுங்கள். ஆனால் நீ எழுதியது பிழை என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி வழியாக அமெரிக்காவில் வேரூன்றிய எழுத்து அது. கனடாக்காரர் 'கலர்' என்பதற்கு 'யு' போடுவார்கள். வண்டிச் சில்லின் 'டயர்' என்று வந்தால் அமெரிக்கர் மாதிரி 'ஐ' போட்டு எழுதுவார்கள். இரண்டும் கலந்தே ஒரு நாடு எழுதுகிறது. ஒரு தாளுக்குள் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளப் பழகினால் மகனுக்குப் போதும்.

உச்சரிப்பு வகுப்புக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

பெப்ரவரி 5

நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவன். பல வருடம் தோஹாவில் ஒரு கட்டுமான வேலைத்தளத்தின் களஞ்சியத்தில் இருந்தேன். இப்போது கல்லடியில் பின்னேரங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். என் கருத்து முழுக்க அந்தக் களஞ்சியத்தில் உருவானது.

மேற்பார்வையாளர் பிலிப்பைன்ஸ். கணக்கு எழுதுபவர் மலையாளி. வாசலில் நிற்பவர் கானா. லொறி ஓட்டுபவர்கள் நேபாளமும் பாகிஸ்தானும். மேலே ஒரு இங்கிலாந்துப் பொறியியலாளர். எல்லாருக்கும் நடுவில் ஓடியது ஆங்கிலம்தான். ஆளுக்கொரு மாதிரிக் கதைத்தார்கள், வேலை நடந்தது. யாருடைய பேச்சு விளங்கவில்லை என்று கேட்டால், பாதி நாள் அந்த இங்கிலாந்துக்காரருடையதுதான். வேகமாகக் கதைப்பார், சொல்லின் வாலை விழுங்குவார், தன் ஊர்ப் பேச்சுவழக்கை இடையில் போடுவார். மற்ற எல்லாரும் படித்துப் பழகியவர்கள் என்பதால், எதிரே நிற்பவருக்கு விளங்க வேண்டும் என்ற கவனம் அவர்களிடம் இருந்தது.

என் பக்கத்து மேசையில் ஏறாவூர்த் தம்பி ஒருவர். ஒரு காலையில் பொறியியலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, குழாய் மூட்டுகள் எந்த அடுக்கில் என்று கேட்டார். இவர் 'பி 14' என்றார். இதைத் தமிழில் எழுதும்போதே சிக்கல் முன்னால் வந்து நிற்கிறது: ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் 'பி', பதினாறாம் எழுத்தும் 'பி'. தம்பி சொன்னது பதினாறாவது. பொறியியலாளர் காதில் விழுந்தது இரண்டாவது. ஆட்கள் வந்து அந்த அடுக்கில் இருந்த பெயின்ட் தகரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரரோ அதே சொல்லைச் சரியாகவே கேட்டிருந்தார்.

ஒரு வாய் சொன்னது இரண்டு காதில் இரண்டாக விழுந்ததற்குக் காரணம் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அந்தப் பதினாறாம் எழுத்து வந்தால் ஆங்கிலேயர் மூச்சை ஊதிச் சொல்வார்கள். அந்த ஊதலை வைத்துத்தான் அவர்கள் காது இரண்டையும் பிரிக்கும். நாம் ஊதுவதில்லை. பிலிப்பைன்ஸில் தகாலோக் பேசுபவர்களும் ஊதுவதில்லை, அதனால் அவருக்கு நம் ஒலி பழகிய ஒலி. அதற்குப் பிறகு களஞ்சியத்தில் எல்லாரும் 'பாப்பா 14', 'பிராவோ 14' என்று சொல்லத் தொடங்கினோம். விமானிகள் 1956 முதல் பயன்படுத்தும் எழுத்துப் பெயர்கள் அவை.

பெப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

எப்படிப் பழக்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொப்பியில் விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய கடதாசிக் கீற்றுக் கிழியுங்கள். மேல் நுனியைப் பிடித்து உதட்டுக்கு முன்னால் தொங்க விடுங்கள். 'பென்' என்று எழுதும் பேனையைச் சொன்னால் கீற்று முன்னால் தள்ளுப்பட வேண்டும். 'பென்ச்' என்று வாங்கைச் சொன்னால் அசையக்கூடாது. சின்னப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். இதற்கு வகுப்புக் கட்டணம் தேவையில்லை.

பெப்ரவரி 7

காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் எப்படிக் கதைத்தாலும் சரி என்கிறீரா? அரைகுறை இங்கிலீஸை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வேலைக்குப் போவது எப்படி?"

நியாயமான கேள்வி. எப்படிக் கதைத்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிழை விளக்கத்தைக் கெடுக்கிறதோ அதில் உழைப்பைப் போடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்கிறேன். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 2000இல் இதைத்தான் எடுத்து எழுதினார். வேறு வேறு தாய்மொழிக்காரர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைக்கும்போது எது தடுக்கி விடுகிறது, எது தடுக்காது என்று பார்த்தார். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் அந்தத் 'த' ஒலி, நம் வகுப்புகளில் மணிக்கணக்காகப் பிள்ளைகளை வாட்டும் ஒலி, அவர் கணக்கில் கட்டாயம் இல்லை. நான் மேலே சொன்ன மூச்சு ஊதல் கட்டாயம். உயிரொலியின் குறில் நெடில் கட்டாயம்.

இந்தக் குறில் நெடிலில் நமக்குப் பிறப்பிலேயே ஒரு கொடை இருக்கிறது. 'ஷிப்' என்றால் கப்பல், 'ஷீப்' என்றால் செம்மறி. இதில் தடுமாறும் ஸ்பானியரும் இத்தாலியரும் ஏராளம். நம் பிள்ளை பாலர் வகுப்பிலேயே படி, பாடி, கல், கால் என்று பழகி வந்தது. இதைச் சொல்லிக் கொடுக்கும்போது வகுப்பில் முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்காதீர்கள். ஒரு ஒலியைக் கூட்டிச் சொன்னாலும் விளங்கிவிடும். ஒலியை விழுங்கினால்தான் சிக்கல்.

அழுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஃபோர்டீன்' என்றால் 14, 'ஃபோர்ட்டி' என்றால் 40. பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்குப் போன என் மாணவர்கள் முதல் கிழமையே இடறிய இடம் இதுதான். பதினான்குக்கு அழுத்தம் பின்னால் விழும், நாற்பதுக்கு முன்னால். எல்லாச் சொல்லையும் ஒரே பாரத்தில் சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பதால் அறை எண்ணும் விலையும் மாறிப்போகின்றன. காக்கா கேட்ட வேலைக்கான ஆங்கிலம் இங்கேதான் தொடங்குகிறது.

பெப்ரவரி 8

அந்தக் கானாக் காவலாளியை நினைத்துக்கொண்டு ஒரு சின்னக் கதை. பதிவுப் புத்தகத்தை மூடிவிட்டு, 'ஐ ஆம் கமிங்' என்று எங்களிடம் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் நடந்து போவார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் போகிறார் என்று இங்கிலாந்துக்காரர் குழம்புவார். எங்கள் மேசையில் ஒரு குழப்பமும் இல்லை. வீட்டுப் படலையில் நின்று 'வாறன்' என்று சொல்லிவிட்டுத்தானே நாமும் போகிறோம். கானாவில் அது அன்றாட ஆங்கிலம்.

தென்னாபிரிக்காவில் வீதிச் சமிக்ஞை விளக்கை 'ரோபோ' என்பார்கள். சிங்கப்பூரில் 'கேன்?' என்று கேட்டால் 'கேன்' என்று ஒரே சொல்லில் பதில் வரும், நம்முடைய 'ஏலுமா? ஏலும்' மாதிரியே. அந்த நாட்டு அரசு 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று இயக்கமே தொடங்கியது. வீட்டிலும் சந்தையிலும் 'கேன்' இன்னும் குறையவில்லை. நம் நாட்டில் 'ஹோட்டல்' என்று பலகை போட்ட கடையில் கொத்துரொட்டிதான் கிடைக்கும், படுக்க அறை கிடைக்காது. வெள்ளைக்காரப் பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து விசாரிப்பதை மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பக்கம் பார்க்கலாம்.

பிரஜ் கச்ரு என்ற இந்திய அறிஞர் 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாக வரைந்தார். உள்வட்டத்தில் பிரிட்டன், அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்றவை. அடுத்ததில் ஆட்சியால் ஆங்கிலம் வந்து தங்கிய இந்தியா, இலங்கை, நைஜீரியா, சிங்கப்பூர். மூன்றாவதான விரியும் வட்டத்தில் வெளிநாட்டு மொழியாகப் படிக்கும் சீனா, ஜப்பான் போன்றவை. நாம் இரண்டாவதில் இருக்கிறோம் என்று புத்தகம் சொல்லும். கொழும்பின் சில வீடுகளுக்கு அது பொருந்தும். வாகரையில் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் ஜப்பான் பிள்ளைக்கு இருப்பதைவிடத் தூரத்தில் இருக்கிறது. நாட்டுக்கு ஒரு வட்டம் என்று கீறினால் இது மறைந்துபோகும்.

பெப்ரவரி 10

பொத்துவில் வாசகர் ஒருவர் அறுகம்பைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஆமாம், அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். அவர்களோடு கடலில் நின்றே ஆங்கிலம் படித்த ஒரு பொடியனை எனக்குத் தெரியும். தரம் 9க்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. அலை எந்தப் பக்கம் உடையும், இழுவை எங்கே, எப்போது எழும்ப வேண்டும் என்று அவுஸ்திரேலியச் சாயலில் தடங்கலே இல்லாமல் விளக்குவார். அவருடைய தங்கச்சி சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள். வாசலில் வழி கேட்டு ஒரு வெளிநாட்டுப் பெண் நின்றபோது அவள் உள்ளே ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தாள். அதே அண்ணன், ஹோட்டல்காரர் நீட்டிய ஒப்பந்தத் தாளைத் தங்கச்சியிடம் கொடுத்துத்தான் வாசித்தார்.

ஒரே வீட்டில் பாதி இங்கே, பாதி அங்கே. தங்கச்சியிடம் இருப்பதை மட்டும் நம் பரீட்சை அளக்கிறது. அண்ணனிடம் இருப்பதற்குச் சான்றிதழ் தர யாரும் இல்லை, அவர் தன்னை இங்கிலீஸ் தெரியாதவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். இது எனக்கு உண்மையிலேயே வேதனை. கேட்டலுக்கும் பேச்சுக்கும் சரிபாதிப் புள்ளி வரும் நாளில் நம் வகுப்பறைகளின் சத்தமே மாறும்.

பெப்ரவரி 11

ஆங்கிலம் இங்கிலாந்துக்காரரின் சொத்துத்தானே என்கிறவருக்கு: ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் பெரியவர்கள் பேசும் போர்த்துக்கேயத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒல்லாந்தர் 1638இல் கோட்டையைப் பிடித்ததோடு இங்கே போர்த்துக்கேயர் ஆட்சி போய்விட்டது. மொழி போகவில்லை. தமிழோடு உரசி, வேற்றுமை உருபுகளைத் தமிழ் மாதிரிச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டி, லிஸ்பனில் இருப்பவருக்குச் சட்டென்று விளங்காத ஒரு புது மொழியாக இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. அதைப் பிழையான போர்த்துக்கேயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது அவர்களுடைய மொழி.

பெப்ரவரி 12

உச்சரிப்பு வகுப்பு வேண்டாம் என்று 4ஆம் திகதி எழுதியதை ஓர் இடத்தில் தளர்த்துகிறேன். செங்கலடியிலிருந்து தாதி வேலைக்குப் பிரிட்டன் போக ஆயத்தமாகும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருக்கு மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் வயதான நோயாளிகள் கதைப்பது விளங்க வேண்டும். 'வீ' என்றால் ஸ்கொட்லாந்தில் சின்னது என்று பாடநூல் சொல்லித் தராது. ஆகவே பிரிட்டிஷ் உச்சரிப்பைக் காதுக்குப் பழக்குங்கள், தங்கை. வாயால் அதைப் பாவனை செய்யத் தேவையில்லை. 1989 முதல் நடக்கும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் கேட்டல் பகுதியில் பிரிட்டன், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா என்று பல குரல்கள் வரும். பேச்சுப் பகுதியில் தமிழ்ச் சாயலுக்காகப் புள்ளி வெட்டுவதில்லை. சொல்வது தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பெப்ரவரி 14

"பேசாமல் ஆங்கில மொழிமூலத்தில் போட்டுவிட்டால் என்ன?" என்று நிறையப் பேர்.

நம் நாட்டில் 2001இல் உயர்தரத்திலும் 2002இல் தரம் 6இலும் ஆங்கில மொழிமூலம் மறுபடி வந்தது. நல்ல ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் நல்ல பயன். மலேசியா 2003இல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. 2009இல் முடிவை மாற்றி, 2012 முதல் தாய்மொழிக்குத் திருப்பத் தொடங்கியது. ருவாண்டா 2008இல் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவியபோது, பிரெஞ்சில் படித்து வந்த ஆசிரியர்களே புது மொழியில் பாடம் எடுக்க வேண்டி வந்தது. மாணவருக்கு முன் ஆசிரியர் என்ற ஒழுங்கு குலைந்தால் எந்த மொழித் திட்டமும் நிற்காது.

நம்மிடம் அந்த இடைவெளி வாவிக்கு இரு பக்கமும் தெரிகிறது. கடலோரப் பக்கமான எழுவான்கரையில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர், பின்னேரம் ரியூசனில் ஒரு சேர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளே போகப் போக, ஆங்கிலப் பாடவேளை வந்தால் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ரீச்சர் நியமனம் பெற்று வருவார், மாற்றம் வாங்கிப் போவார். அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தால் இருந்த விஞ்ஞானமும் போய்விடும். சுவாமி விபுலானந்தர் காரைதீவில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்து, 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். தமிழ் ஊன்றிய காலில் நின்றுதான் அவர் ஆங்கிலத்தை எட்டினார்.

பெப்ரவரி 15

எனக்கு இந்த விசயத்தில் மிக முக்கியமானது இதுதான், இதுவரை யாரும் கேட்கவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் ஒரு காரியாலயம். திருக்கோவில் பக்கத்து அம்மா ஒருவர் காணிக் கடதாசியோடு நின்றார். கவுண்டரில் இருந்தவருக்குச் சிங்களம் மட்டும். படிவமும் சிங்களத்தில். தமிழும் அரச கரும மொழிதான், அரசியலமைப்பின் 1987இன் 13ஆம் திருத்தத்தில் இருக்கிறது. அந்தப் படிவம் தமிழில் இருந்திருக்க வேண்டும், அது அந்த அம்மாவின் உரிமை. இருக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு மாணவியும், உள்ளே இருந்த ஒரு இளம் எழுதுவினைஞரும் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் சொல் தேடித் தேடி. 'யுவர் ஃபாதர் நேம், நோ, ஹர் ஃபாதர் நேம்' என்ற அளவில். மாணவி அம்மாவிடம் தமிழில் கேட்பாள், அவர் சிங்களத்தில் எழுதுவார். கடதாசியில் முத்திரை விழுந்தது.

அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. ஆக, நம் பிள்ளை ஆங்கிலத்தில் முதலில் கதைக்கப் போவது லண்டன்காரரோடு இல்லை. மகாஓயாவிலோ உகணவிலோ படித்த ஒரு சிங்களப் பிள்ளையோடு. அவர்கள் உச்சரிப்பை நம் பிள்ளை எந்த வகுப்பில் கேட்கிறது? அவர்களும் நம்முடையதை எங்கே கேட்கிறார்கள்? ஒரு மாவட்டத்துக்குள், ஒரு மணிநேர பஸ் தூரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு தடவை அலைபேசியில் அரைமணி நேரம் கதைத்தால், எந்த உச்சரிப்பு வகுப்பும் தராததை அது தரும்.

பெப்ரவரி 18

தொலைக்காட்சி பற்றிக் கேட்டவருக்கு. நெதர்லாந்திலும் சுவீடனிலும் ஆங்கிலப் படங்களைக் குரல் மாற்றாமல் அடியில் எழுத்துப் போட்டே காட்டுவார்கள். பிள்ளைகள் காது திறந்தே வளர்கிறார்கள். ஜேர்மனியிலும் இத்தாலியிலும் குரல் மாற்றுவார்கள். நமக்கும் ஆங்கிலப் படம் தமிழ்க் குரலில்தான் வருகிறது. பிள்ளை ஏற்கெனவே பார்த்துக் கதை தெரிந்த படத்தை ஆங்கிலக் குரலோடு, ஆங்கில எழுத்தோடு மறுபடி போடுங்கள். தமிழ் எழுத்துப் போட்டால் கண் அதிலேயே போய்விடும்.

பெப்ரவரி 21

கேள்வி கேட்ட சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார்: "எனக்கு இங்கிலீஸ் தெரியாது. நான் வீட்டில் என்ன செய்ய?"

மகன் பார்க்கும் யூடியூப்பை நிறுத்த வேண்டாம். பார்த்து முடிந்ததும், அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விளங்காமல் பார்த்திருந்தால் அங்கே தெரிந்துவிடும், அவரே திரும்பப் போட்டுக் கேட்பார். அமெரிக்கக் குரலோடு ஒரு இந்தியர், ஒரு நைஜீரியர், ஒரு சிங்கள இளைஞர் என்று மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு மருந்துப் போத்தலில் இருப்பதை, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அதற்கு நீங்கள் இங்கிலீஸ் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை.

வெல்லாவெளிப் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைக்க நாங்கள் சிலர் போகிறோம். மண்முனைப் பாலத்தால் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம். ரீச்சராக இருக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்கள் இருந்தால் மிக நல்லது. வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள், எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்று சொல்கிறேன்.